கொழும்பில் கடனட்டைக்கு போனஸ் பொயின்ட்ஸ் கேட்டால் தருவார்களா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது: "கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணா ஒவ்வொரு வருடமும் கார்ட் கம்பனிக்கு ஃபோன் எடுத்து, கார்டை மூடப் போகிறேன் என்பார். அவர்கள் பத்தாயிரம், இருபதாயிரம் பொயின்ட்ஸ் போட்டு, மூடாதீர்கள் என்பார்கள். அப்படிச் சேர்த்ததில் டிக்கெட் எடுத்துத்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போனார். என்னிடமும் இங்கே ஒரு வங்கியின் கார்ட் சில வருடங்களாக இருக்கிறது. நானும் கேட்கலாமா? கேட்டால் தருவார்களா, இல்லை உண்மையிலேயே மூடிவிடுவார்களா?"

கேளுங்கள் தங்கச்சி. கேட்பவர்களுக்கு இங்கேயும் கிடைக்கிறது. ஆனால் அண்ணா கேட்பதை அப்படியே இங்கே கேட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் ஃபோனை வைப்பீர்கள். கொழும்பில் முதலில் கேட்க வேண்டியது வருடக் கட்டணத்தை. பொயின்ட்ஸை அதற்குப் பிறகு, வேறு விதமாகக் கேட்க வேண்டும். மூடப் போகிறேன் என்ற மிரட்டலை விட்டுவிடுங்கள். ஒரு வங்கியின் கடனட்டைப் பிரிவில் வேலை செய்த காலத்தில் இந்த அழைப்புகளை மறுபக்கத்தில் இருந்து கேட்டவன் நான். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் கனடாக் கதை. நீங்கள் கடையில் கார்டைத் தட்டும்போது கடைக்காரர் ஒரு வீதத்தைத் தன் வங்கிக்குக் கொடுக்கிறார். அதில் பெரும் பங்கு கார்டை வெளியிட்ட வங்கிக்குப் போகிறது. பொயின்ட்ஸ் எல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இந்தப் பங்கைக் கடனட்டைக்கு 0.3 வீதம் என்று கட்டிப் போட்டது. அதனால் அங்கே பொயின்ட்ஸ் மெலிந்து போயின. வட அமெரிக்காவில் அந்தப் பங்கு அதைவிடப் பல மடங்கு. அதோடு உயர்தரக் கார்டுகளின் வருடக் கட்டணமும் பெரியது. கனடாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டின் கட்டணம் 2023இல் 799 கனேடிய டொலராக உயர்ந்தது. அப்படிப்பட்ட வாடிக்கையாளரை இழப்பதைவிட இருபதாயிரம் பொயின்ட்ஸ் கொடுப்பது அவர்களுக்கு மலிவு. அதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அண்ணாவிடம் பேசுபவர் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அவருடைய செலவு, கட்டணம், வட்டி எல்லாவற்றையும் பார்த்துக் கணினி ஏற்கெனவே முடிவு செய்து வைத்த ஒஃபரைத் திரையில் பார்த்து வாசிக்கிறார், அவ்வளவுதான். அந்த வருடம் திரையில் ஒன்றும் இல்லையென்றால் அண்ணாவுக்கும் ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கனடாவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தானே கார்டை வெளியிட்டு, தானே பொயின்ட்ஸ் திட்டத்தையும் நடத்துகிறது. இலங்கையில் அந்தப் பெயருள்ள கார்டை வெளியிடுவது நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கி. விசா, மாஸ்டர்கார்ட் என்றால் கொமர்ஷல், சம்பத், ஹட்டன் நஷனல் என்று ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கார்டில் உள்ள சின்னம் ஒன்றுதான் என்பதற்காக அண்ணாவின் நிபந்தனைகள் உங்கள் கார்டுக்குப் பொருந்தாது. இரண்டு நாட்டுப் பொயின்ட்ஸையும் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

இப்போது கொழும்புக்கு வருவோம். நீங்கள் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைக்கும்போது பேசுபவரின் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு அதிகாரம்தான் இருக்கும்: வருடக் கட்டணத்தை முழுதாகவோ பாதியாகவோ நீக்குவது. போன வருடம் இவ்வளவு செலவழித்திருந்தால் நீக்கலாம் என்று ஒரு அளவுகோல் முன்னால் இருக்கும். அதைப் பார்த்து அங்கேயே முடித்துவிடுவார். கட்டணத்தை நீக்கினால் வங்கிக்கு வர வேண்டிய பணம் வரவில்லை, அவ்வளவே. கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. பொயின்ட்ஸ் அப்படி இல்லை. நீங்கள் அதை மைல்ஸாக, அதாவது டிக்கெட் எடுக்க உதவும் விமான நிறுவனத்தின் பொயின்ட்ஸாக, மாற்றும்போது வங்கி விமான நிறுவனத்திடம் காசு கொடுத்து அந்த மைல்ஸை வாங்க வேண்டும். அதனால் போனஸ் பொயின்ட்ஸ் என்றால் மேலே ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும், பல வேளைகளில் மார்க்கெட்டிங் பிரிவின் பட்ஜெட்டையும் கேட்க வேண்டும். ஃபோனில் பேசும் பிள்ளையிடம் எவ்வளவு கெஞ்சினாலும், கோபப்பட்டாலும், அவரால் அதைத் தர முடியாது. அவரைத் திட்டுவதில் பயனில்லை. அது நியாயமும் இல்லை.

ஆகவே முதல் அழைப்பு கட்டணத்துக்கு. எப்போது எடுப்பது? கட்டணம் ஸ்டேட்மென்டில் விழுந்த அந்த மாதமே, கட்ட வேண்டிய திகதிக்கு முன்னால். கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திருப்பித் தருவது அவர்களுக்கு இன்னொரு வேலை, மனமும் வராது. துணைக் கார்ட் ஏதும் அம்மா பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அழைப்பதற்கு முன் கடைசி 12 மாத ஸ்டேட்மென்டைத் திறந்து மொத்தச் செலவைக் கூட்டி ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு நாளும் தாமதிக்காமல் கட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு இப்படிச் சொல்லலாம்:

"இந்த மாதம் என் கார்டுக்கு வருடக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். போன வருடம் இவ்வளவு ரூபா இந்தக் கார்டில் செலவழித்திருக்கிறேன், ஒரு மாதமும் பிந்தவில்லை. கட்டணத்தை நீக்கித் தர முடியுமா என்று பாருங்கள்."

இவ்வளவு போதும். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். "முழுதாக முடியாது, பாதி நீக்கலாம்" என்று வந்தால், "மிச்சத்தை எவ்வளவு செலவழித்தால் நீக்குவீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பல வங்கிகளில் பதில் இருக்கிறது: அடுத்த மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்தால் திருப்பிப் போடுகிறோம் என்பார்கள். சரி என்றால் அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இருக்க வேண்டாம். அடுத்த முறை ஃபோன் எடுப்பவர் வேறொருவராக இருப்பார். தமிழில் பேச விரும்பினால் தமிழிலேயே பேசுங்கள். தமிழ் தெரிந்தவர் திருப்பி அழைக்கும் வரை காத்திருப்பதில் நட்டமில்லை. பணம் சம்பந்தமான பேச்சில் அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

கட்டணம் நீக்குவது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் கார்டின் எண்களைப் போட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய்வர டிக்கெட் 60,000 ரூபா என்று வைப்போம். அதே டிக்கெட்டை மைல்ஸில் எடுத்தால் 20,000 மைல்ஸும், வரி, கட்டணங்களுக்கு 25,000 ரூபா காசும் கேட்கிறார்கள். மைல்ஸில் எடுத்தாலும் இந்த வரிகளைக் காசாகத்தான் கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக 20,000 மைல்ஸ் மிச்சப்படுத்தியது 35,000 ரூபா. ஒரு மைலுக்கு 1 ரூபா 75 சதம். இப்போது வங்கி உங்களுக்கு 5,000 மைல்ஸ் தருகிறது என்றால் அதன் பெறுமதி 8,750 ரூபா. வருடக் கட்டணம் 10,000 ரூபா என்றால் அதை நீக்கிக்கொள்வதே இலாபம். வங்கி தருவது 5,000 மைல்ஸ் இல்லாமல் 5,000 பொயின்ட்ஸாக இருந்து, இரண்டு பொயின்ட்ஸுக்கு ஒரு மைல் என்றால், அதன் பெறுமதி 4,375 ரூபாதான். பெரிய எண்ணாகக் காட்டும்போது மனம் மயங்கும்; ரூபாவாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இனி பொயின்ட்ஸ். இதைக் கேட்கும் இடம் வாடிக்கையாளர் சேவை இலக்கம் இல்லை. உங்கள் சம்பளம் எந்தக் கிளைக்கு வருகிறது? நிலையான வைப்பு எங்கே இருக்கிறது? வீட்டுக் கடன் எங்கே? டொரொன்டோவில் கார்ட் கம்பனிக்கு அண்ணா வெறும் கார்ட்காரர்தான். இங்கே நீங்கள் அந்த வங்கியின் முழு வாடிக்கையாளர். கிளை முகாமையாளருக்கும், முன்னுரிமை வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் அதிகாரிக்கும் நீங்கள் கார்டைவிடப் பெறுமதியானவர். அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் கார்ட் பிரிவில் அது நகரும். கொழும்பில் நான் பார்த்தவரை பொயின்ட்ஸ் கிடைத்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

வெறுமனே "பொயின்ட்ஸ் தாருங்கள்" என்று போக வேண்டாம். வரப் போகும் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் கல்யாணம் வருகிறது, மண்டபம், சாப்பாடு, நகை என்று இவ்வளவு இலட்சம் செலவு இருக்கிறது. அதை இந்தக் கார்டில் போட்டால் மேலதிகமாக எவ்வளவு பொயின்ட்ஸ் தருவீர்கள் என்று கேளுங்கள். வங்கிக்கு நேற்றைய செலவைவிட நாளைய செலவுதான் முக்கியம். நீங்கள் கேட்பதற்கு முன்னால் வங்கியே ஏப்ரல் புத்தாண்டு, தீபாவளி, நத்தார்க் காலங்களில் இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு பொயின்ட்ஸ் என்று சலுகை போடும். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லலாம். இதற்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை. சலுகையில் பதிவு செய்துவிட்டுச் செலவழியுங்கள். பதிவுக்கு முன்னால் செய்த செலவு பொதுவாகக் கணக்கில் வராது.

நகை என்று சொன்னதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செட்டியார் தெருவில் நகைக்கடையிலும், புறக்கோட்டையில் மொத்தக் கடைகளிலும், "கார்ட் என்றால் மூன்று வீதம் கூட" என்பார்கள். வாடிக்கையாளரிடம் இப்படி மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் கார்டை வெளியிட்ட வங்கியிடம் பற்றுச்சீட்டோடு முறைப்பாடு செய்யலாம். ஆனாலும் நடைமுறையில் கேட்கிறார்கள். பத்து இலட்சம் ரூபா நகைக்கு 3 வீதம் என்றால் 30,000 ரூபா. அந்தச் செலவில் வரும் பொயின்ட்ஸ் அதை ஈடுகட்டுமா என்று மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். அநேகமாக ஈடுகட்டாது. கடைக்காரர் இறங்கி வராவிட்டால் காசாகவோ வங்கி மாற்றலாகவோ கொடுத்துவிட்டு, மண்டபத்தையும் டிக்கெட்டையும் கார்டில் போடுங்கள். தவணைத் திட்டத்துக்கு மாற்றிய செலவுக்கும், எரிபொருள், காப்புறுதி, அரச கொடுப்பனவுகளுக்கும் பல கார்டுகளில் பொயின்ட்ஸ் குறைவு, அல்லது இல்லவே இல்லை. நிபந்தனைத் தாளில் முதலில் பார்க்க வேண்டிய பகுதி இதுதான்.

வெளிநாட்டு நாணயச் செலவுக்கு இரட்டைப் பொயின்ட்ஸ் என்று விளம்பரம் வரும். அங்கே நாணய மாற்றுக் கட்டணமும் முத்திரை வரியும் சேரும். சிங்கப்பூரில் நின்றுகொண்டு பொயின்ட்ஸுக்காக மட்டும் கார்டை நீட்டுவதில் இலாபம் இல்லை.

எந்தப் பொயின்ட்ஸைச் சேர்ப்பது என்பதிலும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். விமான மைல்ஸாக மாறக்கூடியதைச் சேருங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது நினைவிருக்கும். சுப்பர்மார்க்கெட் வவுச்சருக்காகச் சேர்த்த பொயின்ட்ஸின் வாங்கும் சக்தி அப்போது கரைந்து போனது. விமான நிறுவனக் கணக்கில் ஏற்கெனவே மைல்ஸாக இருந்தவற்றுக்கு ஆசனம் ஆசனமாகவே கிடைத்தது. அதே நேரம் மைல்ஸாக மாற்றிவிட்டால் திருப்பிப் பொயின்ட்ஸாக்க முடியாது, காலாவதித் திகதியும் தொடங்கிவிடும். பயணத் திட்டம் ஓரளவு தெரிந்த பிறகு மாற்றுவது நல்லது. ஆனால் ஒரு மைலுக்குக் கேட்கும் பொயின்ட்ஸை வங்கி கூட்டப் போகிறது என்று அறிவித்தல் வந்தால் அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான பிளைஸ்மைல்ஸில் ஒரு கணக்கை எல்லோரும் திறந்து வைத்திருக்க வேண்டும், அது இலவசம். ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. அதனால் அந்த மைல்ஸில் கட்டார் எயார்வேஸ், மலேஷியா எயார்லைன்ஸ், கதே பசிபிக் ஆகியவற்றிலும் ஆசனம் தேடலாம். இங்கேதான் அண்ணா உண்மையில் உதவலாம். கனடாவின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பொயின்ட்ஸை பிரிட்டிஷ் எயார்வேஸின் மைல்ஸான ஏவியோஸாக மாற்ற முடியும். ஏவியோஸைக் கொண்டு ஸ்ரீலங்கன் விமானத்தில் ஆசனம் எடுக்கலாம். கொழும்பு–சென்னை போன்ற குறுந்தூரத்துக்கு ஏவியோஸ் குறைவாகவே தேவைப்படும். டிக்கெட் அவர் பெயரில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, அம்மாவின் பெயரில் எடுக்கலாம். அண்ணாவின் ஒரு போனஸில் அம்மா திருச்செந்தூருக்கும் பழநிக்கும் போய்வரலாம் என்றால், இங்கே வங்கியோடு மல்லுக்கட்டி நாலாயிரம் பொயின்ட்ஸ் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். டிசம்பர், ஜனவரியிலும் ஓகஸ்டிலும் மைல்ஸ் ஆசனங்கள் கிடைப்பது கடினம். அந்தக் காலத்துக்கு மாதக்கணக்கில் முன்னால் தேட வேண்டும்.

இதெல்லாம் மாதம் முழு நிலுவையையும் கட்டுபவருக்கு மட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி வைத்திருந்த உச்சவரம்பு 2022இல் நீக்கப்பட்டபோது அந்த வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி 28 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட்டது. 26 வீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலட்சம் ரூபாவை ஒரு மாதம் இழுத்தால் வட்டி 4,300 ரூபாவுக்கு மேல். நூறு ரூபாவுக்கு ஒரு பொயின்ட் தரும் கார்டில் அந்த இரண்டு இலட்சத்துக்கு வருவது 2,000 பொயின்ட்ஸ். ஒரு பொயின்ட் ஒரு முழு மைல் என்று வைத்தாலும் மேலே சொன்ன கணக்கில் அது 3,500 ரூபா. ஒரே மாத வட்டி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அதோடு முழுதாகக் கட்டாத மாதத்தில் புதிதாக வாங்கியவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு பொயின்ட்ஸ் சேர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும். உங்களிடம் நிலுவை இருந்தால் இந்தப் பதிலை மூடி வையுங்கள். வங்கிக்கு ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டியது வட்டிக் குறைப்பையும் தவணை வசதியையும். நிலுவை இல்லாதவர்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் ஓடர் போட்டு வையுங்கள்.

கடைசியாக, மூடிவிடுவார்களா என்ற பயம். "மூடப் போகிறேன்" என்று நீங்கள் சொன்னால், சில இடங்களில் கேள்வியே இல்லாமல், "சரி, படிவத்தை அனுப்புகிறோம்" என்று வரும். மூடினால் வங்கியில் இருக்கும் பொயின்ட்ஸ் போய்விடும். மைல்ஸாக மாற்றி விமான நிறுவனக் கணக்கில் வைத்தவை மட்டும் உங்களுடையவை. ஆகவே மூடும் எண்ணம் உண்மையாக இருந்தால் ஒழிய அந்தச் சொல்லை எடுக்காதீர்கள். கட்டணம் அதிகம், நீக்கவும் மாட்டோம் என்றால், கட்டணம் குறைந்த கார்டுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பொயின்ட்ஸும் பழைய வரலாறும் தொடருமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார்டே வேறு வங்கிக்குப் போகும் நிலையும் வரலாம். எச்.எஸ்.பி.சி. இலங்கையில் தன் சில்லறை வங்கித் தொழிலை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்பதாக 2025இல் அறிவித்தது போல. இப்படிப்பட்ட நேரத்தில் பொயின்ட்ஸ் என்ன ஆகும், எந்தத் திகதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மாறி வந்த வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் தேவை புதிய வங்கிக்கு இருக்கும். கட்டண நீக்கமும் வரவேற்புப் பொயின்ட்ஸும் கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

மூடத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் முதலில் பொயின்ட்ஸை மாற்றுங்கள், தவணைகளை முடியுங்கள், அந்தக் கார்டில் தானாகக் கழியும் கட்டணங்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். நிலுவை எதுவும் இல்லை, கணக்கு மூடப்பட்டது என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். சில வாரம் கழித்துக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, நாம் எல்லோரும் கிறிப் என்று சொல்வதை, எடுத்துப் பாருங்கள். அந்தக் கார்ட் இன்னும் திறந்ததாகவோ, சில்லறை நிலுவை ஒன்றோடோ காட்டினால், அந்தக் கடிதத்தோடு வங்கிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.